இரண்டு கப்பல்களை ஒப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

சிங்கப்பூரில் இருந்து சொகுசுக் கப்பலில் போகலாம் என்று ஒரு குடும்பம் பேச்செடுத்தால், கடைசியில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சும். ஒன்று, முன்பு ரிசார்ட்ஸ் வேர்ல்ட் என்றிருந்து 2025இல் ஸ்டார்ட்ரீம் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் ஜென்டிங் ட்ரீம். இன்னொன்று, ராயல் கரீபியன் நிறுவனம் சீசனுக்கு அனுப்பும் குவாண்டம் வகைக் கப்பல்களில் ஏதாவது ஒன்று. எடுத்துக்காட்டுக்கு ஓவேஷன் ஆஃப் தி சீஸ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே ஜெர்மனியின் பாப்பன்பர்க் ஊரில், மேயர் வெர்ஃப்ட் என்ற கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டவை. இரண்டுமே 2016இல் கடலுக்கு வந்தவை. ஒரே தளம், ஒரே ஆண்டு. ஆனாலும் இரண்டும் தருகிற விடுமுறை ஒன்றல்ல.

எங்கள் வீட்டில் இந்த ஒப்பீடு மூன்று வாரம் ஓடியது. முழங்கால் வலியோடு எழுபதைத் தாண்டிய அம்மா, நானும் கணவரும், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் தம்பி என்று ஆறு பேர். விமானம், விசா எல்லாம் சேர்த்தால் சில லட்சம் ஆகிவிடும். அவ்வளவு பணம் போடும் விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு, கண்ணில் முதலில் படுவதைப் பார்த்துத் தீர்மானிப்பவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீளத்தையும் டன்னையும் பார்த்து முடிவெடுப்பது

எல்லோரும் முதலில் பார்ப்பது அளவு. ஓவேஷன் சுமார் 348 மீட்டர் நீளம், 1,68,666 ஜி.டி. (கிராஸ் டன்னேஜ்). ஜென்டிங் ட்ரீம் 335 மீட்டர், 1,50,695 ஜி.டி. “ஓவேஷன்தான் பெரிசு, தாராளமா இருக்கும்” என்று அதோடு முடித்துவிடுகிறார்கள்.

இந்த ஜி.டி.யைப் பலர் டன் என்றே எழுதுவதால் அதை எடை என்று நினைத்துக்கொள்கிறோம். அது எடை இல்லை. கப்பலுக்குள் மூடிய இடம் மொத்தம் எவ்வளவு என்று காட்டும் எண். அந்த இடத்தை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்று வகுத்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஓவேஷனில் சுமார் 4,180 பேர், ஜென்டிங் ட்ரீமில் 3,352 பேர். வகுத்தால் ஓவேஷனுக்கு 40, ஜென்டிங் ட்ரீமுக்கு 45 வரும். அதாவது, சிறிய கப்பலில்தான் ஆளுக்கு இடம் கூடுதல்.

அறைக்கு இருவர் என்பது சாதாரண நாள் கணக்கு. பள்ளி விடுமுறையில் மேல் கட்டில், சோபா கட்டில் எல்லாம் நிரம்பிவிடும். அப்போது ஓவேஷனில் 4,900 பேர் வரை ஏறலாம். 40 என்று வந்த எண் 34 ஆக இறங்கும். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூனில் நான்கு வாரமும், நவம்பர் நடுவில் இருந்து டிசம்பர் கடைசி வரையும் விடுமுறை. நம் ஊர்க் கோடை விடுமுறையில் போகிறவர்கள் ஜூன் பிறக்கும் முன்பே போய்வந்துவிட்டால், நீச்சல் குளத்திலும் பஃபே வரிசையிலும் வித்தியாசம் தெரியும். கப்பலை மாற்றி யோசிப்பதைவிடத் தேதியை மாற்றி யோசிப்பது பல நேரம் அதிகம் உதவும்.

வயது விஷயமும் இப்படித்தான். சென்னைத் துறைமுகத்தில் இருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கிய கோர்டேலியாவின் எம்ப்ரெஸ் 1990இல் கட்டிய கப்பல், 48,563 ஜி.டி.தான். அதைச் சிங்கப்பூர்க் கப்பல்களோடு எண்ணுக்கு எண் நிறுத்தினால் தோற்றுத்தான் போகும். ஆனால் விமானச் செலவு இல்லாமல், கடலில் இரண்டு இரவு இருந்தால் நமக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு அந்த எண்களால் என்ன பயன்?

விளம்பரத்தில் போட்ட தொகையைக் கட்டணம் என்று நம்புவது

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். விளம்பரத்தில் வரும் தொகை, பெரும்பாலும், இருவர் தங்கும் ஜன்னல் இல்லாத அறையில் ஒருவருக்கு. அதன் மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் ஏறும். பிறகு டிப்ஸ். இது நாமாக விருப்பப்பட்டுக் கொடுப்பது அல்ல. ஒவ்வொருவர் பெயரிலும் ஒவ்வோர் இரவுக்கும் கணக்கில் தானாக ஏறிவிடும். ராயல் கரீபியனில் 2024இல் சாதாரண அறைகளுக்கு ஆளுக்கு, நாளுக்கு 18.50 அமெரிக்க டாலர். குழந்தைக்கும் அதே தொகை. நால்வர், நான்கு இரவு என்றால் 296 டாலர். முன்கூட்டியே கட்டாவிட்டால் இது டிக்கெட் விலையில் சேராது, கப்பல் பில்லில்தான் ஏறும். மது, ஸ்பா போன்றவற்றுக்குச் சேவைக் கட்டணம் தனி.

ஆகவே இரண்டு கப்பல்களுக்கும் ஒரே தாளில் ஒரே வரிசையில் எழுதுங்கள்: அடிப்படைக் கட்டணம், துறைமுகக் கட்டணம், டிப்ஸ், இணையம், கரையில் டாக்சி அல்லது சுற்றுலா, முந்தைய இரவு சிங்கப்பூர் ஹோட்டல். கடைசியில் வரும் மொத்தத்தை இரவுகளால் வகுக்காமல் முழு நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஏறுவது மதியம், இறங்குவது காலை. அதனால் மூன்று இரவுப் பயணத்தில் முழுதாகக் கையில் இருப்பது இரண்டு நாள், இரண்டு இரவுப் பயணத்தில் ஒரே நாள். ஜென்டிங் ட்ரீம் பெரும்பாலும் இரண்டு, மூன்று இரவுப் பயணங்கள் போகும். ராயல் கரீபியன் கப்பல்களில் நான்கு, ஐந்து இரவுகளும் கிடைக்கும். “அது மலிவு, இது விலை” என்று நாம் சொல்வதில் பாதி, ஒரு நாள் விடுமுறையை மூன்று நாள் விடுமுறையோடு ஒப்பிட்டதால் வந்த தவறு.

“நால்வர் தங்கலாம்” என்ற வரி

இந்த வரியைப் படித்து, “நாலு பேருக்கு ஒரே அறை போதும், மிச்சம்” என்று எடுத்துவிடுகிறார்கள். அறைக்குள் போய்ப் பார்த்தால்தான் புரியும். கீழே இருவருக்குக் கட்டில். மூன்றாவது ஆளுக்கு, இரவானதும் விரித்துப் போடும் சோபா. நான்காவது ஆளுக்கு, கூரையில் இருந்தோ சுவரில் இருந்தோ இறக்கும் பெர்த், அதற்கு ஓர் ஏணி. ரயிலில் மேல் பெர்த் கேட்டு வாங்கும் பிள்ளைக்கு அது கொண்டாட்டம். முழங்கால் வலிக்காரர்கள் அதை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். சோபாவை விரித்தபின் பால்கனிக் கதவுக்குப் போகும் வழியும் சுருங்கிவிடும். நாங்கள் அதனால்தான் நால்வரை ஒரே அறையில் வைக்காமல், அறைக்கு இருவராகப் பக்கத்துப் பக்கத்தில் மூன்று அறை எடுத்தோம். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி போனது. அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

அறையின் வகையைப் பார்க்கிறோம், அறை கப்பலில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. முன்பதிவுப் பக்கத்தில் டெக், அதாவது கப்பலின் ஒவ்வொரு மாடிக்கும், வரைபடம் இருக்கும். உங்கள் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று அதில் தேடுங்கள். மேலே நீச்சல் குளமோ பஃபேயோ இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே அரங்கமோ டிஸ்கோவோ இருந்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். மேலும் கீழும் அறைகளே இருக்கும் டெக்தான் அமைதி. தலைசுற்றல் வருமோ என்று பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுவில், கீழ் டெக்கில் எடுக்க வேண்டும். ஊஞ்சல் பலகையின் நடுவைவிட நுனிதானே அதிகம் ஆடும்! ஜன்னல் இல்லாத அறையை எல்லாக் கப்பலிலும் ஒரே மாதிரி என்று எண்ணாதீர்கள். குவாண்டம் வகையில் அந்த அறைகள் பலவற்றில் சுவரை அடைத்த பெரிய திரையில் வெளிக்கடல் நேரலையாகத் தெரியும். ஜென்டிங் ட்ரீமில் பெரும்பாலான அறைகளுக்கு உண்மையான பால்கனியே இருக்கிறது.

ஊர்ப் பெயரைப் படித்து, இறங்கும் இடத்தைப் படிக்காமல் விடுவது

பயணத்திட்டத்தில் “கோலாலம்பூர்” என்று போட்டிருக்கும். கப்பல் கோலாலம்பூருக்குப் போகாது, போர்ட் கிளாங்கில் நிற்கும். அங்கிருந்து நகரம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். கப்பல் கிளம்பும் முன் திரும்பியாக வேண்டும் என்ற பதைப்பில் இரட்டைக் கோபுரத்தின் கீழ் ஒரு படம் எடுத்துக்கொண்டு வரலாம், அவ்வளவுதான். பினாங்கு அப்படி இல்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் காலடியிலேயே இருக்கிறது.

புக்கெட் மூன்றாவது வகை. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் படோங் கரைக்கு வெளியே கடலிலேயே நங்கூரம் போட்டுவிடும். பயணிகளைச் சிறு படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு டெண்டர் என்று பெயர். பயணத்திட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு கப்பலில், வேறொரு ஊரில், நான் இதைக் கேட்காமல் அம்மாவை அழைத்துப்போனேன். கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார்கள். கீழே படகு. அலை தூக்கும்போது படகின் விளிம்பு நம் பாதத்துக்குச் சமமாக வரும், அடுத்த நொடி ஒரு முழம் இறங்கும். இரண்டு ஊழியர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து, “இப்போ” என்று சொல்லும் நொடியில் கால் எடுத்து வைக்க வேண்டும். அம்மா இரண்டு முறை காலைத் தூக்கினார், இரண்டு முறையும் பின்வாங்கினார். பின்னால் வரிசை நின்றது. “நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் இங்கயே இருக்கேன்” என்றார். அன்று அந்த ஊரை நான் பார்க்கவில்லை. அவரோடு மேல் டெக்கில் உட்கார்ந்திருந்தேன். முன்கூட்டியே தெரிந்திருந்தால் வேறு பயணம் எடுத்திருப்பேன்.

விளையாட்டுப் பட்டியலை எண்ணிப் பார்ப்பது

ஓவேஷனில் கண்ணாடிக் கூண்டில் ஏறிக் கடல்மட்டத்தில் இருந்து 90 மீட்டர் உயரம் வரை போகும் நார்த் ஸ்டார் இருக்கிறது. காற்றில் மிதக்கும் ஸ்கைடைவிங் குழாய், மோதல் கார்கள் எல்லாம் உண்டு. ஜென்டிங் ட்ரீமில் நீர்ச்சறுக்குகள், கயிற்றுப் பாதை, பௌலிங். எதில் எண்ணிக்கை அதிகம் என்று பார்ப்பது வீண். உங்கள் பிள்ளையின் உயரத்துக்கும் வயதுக்கும் எதில் அனுமதி, எதற்கு முன்பதிவு, எதற்குத் தனிப் பணம் என்று பாருங்கள். நார்த் ஸ்டார் காற்று பலமாக அடித்தால் இயங்காது. அதை ஒன்றையே நம்பி ஒரு கப்பலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சாப்பாடு இதைவிட முக்கியம். மூன்று வேளையும் அங்கேதானே சாப்பிடப் போகிறோம்! ஜென்டிங் ட்ரீமில் இந்தியச் சைவமும் ஜைன உணவும் கிடைக்கும், ஹலால் சான்றும் உண்டு. ராயல் கரீபியனிலும் சைவத்துக்குக் குறை இல்லை என்றாலும், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள், முட்டை கலந்தால் கேக்கும் தொடாதவர்கள் முன்பதிவின்போதே எழுதிக் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். “சைவம் இருக்கு” என்று ஏஜென்ட் வாயால் சொல்வது போதாது.

இன்னும் சில, சுருக்கமாக. கப்பல் ஏறியதும் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் மலைக்க வைக்கும். கிளம்பும் நாள் காலையில் சிங்கப்பூரில் இறங்கும்படி விமானம் எடுக்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திருக்காது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கப்பல் ஏறினால் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பி இறங்கும்போது மறுபடி நுழைகிறோம்.

நாங்கள் கடைசியில் முடிவெடுத்தது பினாங்கை வைத்து. எந்தப் பயணம் அங்கே படகு இல்லாமல் நேராகத் துறையில் நிறுத்தி, பகல் முழுவதும் நேரம் தருகிறது என்று பார்த்தோம். எங்களுக்குக் கிடைத்த வாரத்தில் அது ஜென்டிங் ட்ரீமின் மூன்று இரவுப் பயணமாக இருந்தது. காலை உணவு முடித்து, சரிவான பாலத்தில் என் கையைப் பிடித்தபடி அம்மா இறங்கினார். லிட்டில் இந்தியா வழியாக மெல்ல நடந்து, குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். வழியில் ஒரு கடை வாசலில் நின்று மல்லிகைச் சரத்தின் விலையைத் தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே பேரமும் பேசினார்.