முத்துத் தேத்தண்ணியும் சீவிய ஐஸும்: கேட்டு வாங்கும் முறை, வீட்டில் செய்யும் முறை

கடைப்பலகையில் 'பபிள் டீ' என்று இருப்பதைத் தாய்வான்காரர் 'முத்துப் பால் தேநீர்' என்பார்கள். 1980களில் அங்கே பிறந்தது. தாய்ச்சுங் நகரின் ஒரு தேநீர்க்கடையும் தாய்னான் நகரின் இன்னொரு கடையும் 'நாங்கள்தான் முதலில் செய்தோம்' என்று பல வருடம் வழக்காடின. யாரும் செய்யலாம், தனி உரிமை கிடையாது என்று 2019இல் அது முடிந்தது. குவளைக்குள் முக்கியமானவை இரண்டுதான்: கறுப்புத் தேயிலை, 'முத்து' என்ற சிறு உருண்டைகளை உருட்டும் மரவள்ளி மாச்சத்து. இரண்டும் நமக்குப் பழக்கமானவை. அதனால் காத்தான்குடியிலோ கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ காசு கொடுத்து வாங்கும்போது, பெயர் புதிதாக இருக்கிறதே என்று கூச்சப்படாமல் விவரம் கேட்டு வாங்குங்கள்.

முதலில் கேட்க வேண்டியது முத்தைப் பற்றி. மரவள்ளி மாச்சத்து கொதிநீரில் வெந்து கண்ணாடி போலாகும். ஆறினால் இறுகத் தொடங்கும். அவித்த முத்து சீனிப்பாகில் ஊறியபடி அறைச்சூட்டில் ஏறக்குறைய 4 மணித்தியாலம் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு வெளிப்பக்கம் குழையும், நடு கட்டியாகும். பிரிட்ஜில் வைத்தால் இன்னும் கெடும். முதல் நாள் சோறு பிரிட்ஜில் விறைத்துப் போகிறதல்லவா, அதே காரணம்தான். ஆகவே தயங்காமல் கேளுங்கள்: "நானா, முத்து எத்தின மணிக்கு அவிச்ச?" தினமும் அவிக்கிற கடையில் உடனே நேரம் சொல்வார்கள். பதில் இழுபட்டால் முத்தை விட்டுவிட்டு வேறு ஏதாவது குடியுங்கள்.

நல்ல முத்தைப் பல்லால் அழுத்தினால் மெதுவாக உள்வாங்கி, உடனே எதிர்த்துத் தள்ளும். இந்தக் குணத்துக்குத் தாய்வானில் 'கியூ' என்றே ஒரு சொல் இருக்கிறது. நம் வாய்க்குத் தெரிந்ததில், இளம் நுங்கின் வழுவழுப்புக்கும் புதுத் தொதலின் இழுவைக்கும் நடுவில் அதை வைக்கலாம். கடித்ததும் உள்ளே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் வேகவில்லை. பல்லில் மாவாக ஒட்டினால் நேரம் கடந்துவிட்டது.

அடுத்தது சீனி. 0, 30, 50, 70, 100 வீதம் என்று கேட்பார்கள். குளிர்ந்த பானத்தில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும், அதனால் 100 வீதம் என்பது உண்மையில் மிகுந்த சீனி. முதல் தடவை 50 வீதம் போதும். சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: '0 வீதம்' என்றாலும் முத்து பாகில் ஊறியது, முத்து முழுக்க மாச்சத்து. அவர்களுக்கு முத்தில்லாத, சீனியில்லாத தேநீர்தான் சரி. ஐஸ் 'குறைவு' என்று சொல்லுங்கள். ஒரேயடியாக வேண்டாம் என்றால், நம் ஊர் வெயிலில் சாயம் பத்து நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடும். முழு ஐஸ் என்றால் பாதிக் குவளை தண்ணீராகிவிடும்.

பெஷன் புரூட், எலுமிச்சை போன்ற புளிப்புச் சுவைக்குப் பால் சேர்க்கச் சொல்லாதீர்கள், திரைந்து போகும். 'பிரவுண் சுகர் மில்க்' என்பதில் பெரும்பாலும் தேயிலையே இருக்காது, பாலும் கருஞ்சீனிப்பாகும்தான். குவளை ஓரத்தில் வரிவரியாக இறங்கும் பாகைப் பார்த்து மயங்கி அப்படியே உறிஞ்சினால் முதல் மிடறு திகட்டும். படம் எடுத்தாயிற்று என்றால் நன்றாகக் கலக்கிவிட்டுக் குடியுங்கள்.

ஜெலி, புடிங் எடுத்தால் ஜெலற்றின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) உண்டா என்று கேளுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கும் மரக்கறிக்காரருக்கும் இது ஒரே கேள்விதான். வாயில் வெடித்துச் சாறு கொட்டும் 'பொப்பிங்' உருண்டைகள் வேறு வகை. அவற்றின் தோல் பெரும்பாலும் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற்றால் ஆனது. மரவள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முத்து ஏற 12 மில்லிமீற்றர் அகல ஸ்ட்ரோ வேண்டும். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ இலங்கையில் 2023 ஒக்டோபர் 1 முதல் தடை. கடதாசி ஸ்ட்ரோ ஊறினால் முத்து நடுவழியில் சிக்கும், எனவே சொந்தமாக ஒரு அகன்ற எவர்சில்வர் ஸ்ட்ரோ வைத்திருப்பது நல்லது. மெதுவாக உறிஞ்சி, மென்று விழுங்குங்கள். வேகமாக உறிஞ்சினால் முத்து நேரே தொண்டைக்குள் பாயும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முத்து கொடுக்கவே வேண்டாம்.

வீட்டில் முத்து உருட்ட

100 கிராம் மரவள்ளி மாச்சத்து, 50 கிராம் கித்துள் சக்கரை அல்லது சிவப்புச் சீனி, 60 மில்லிலீற்றர் தண்ணீர். இரண்டு பேருக்குத் தாராளம். 'டபியோக்கா ஸ்டார்ச்' என்று பக்கற்றில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிழங்கைக் காயவைத்து இடித்த மா உதவாது. அதிலுள்ள நார் முத்தை உடைக்கும். பக்கற் கிடைக்காவிட்டால் கிழங்கைத் தோலுரித்துத் துருவி, தண்ணீரில் பிசைந்து, துணியில் பிழிந்து தெளியவிடுங்கள். மேல்நீரை ஊற்றிவிட்டு இரண்டு தடவை புதுத்தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, அடியில் படிந்த வெள்ளையை வெயிலில் காயவையுங்கள். கழுவுவதைச் சுருக்காதீர்கள், கசப்பும் நஞ்சும் போவது அந்தத் தண்ணீரோடுதான்.

சக்கரையும் தண்ணீரும் நன்றாகக் கொதிக்க வேண்டும். அடுப்பை அணைத்து, மாவில் கால்பங்கைக் கொட்டிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். மீண்டும் சிறு நெருப்பில் வைத்துப் பசை போல் இறுகியதும் இறக்கி, மீதி மாவைச் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். பாகு கொதிக்காமல் மாவைக் கொட்டினால் மாச்சத்து வேகாது. பிசைந்தால் கட்டியாகவும், விட்டால் கூழாகவும் ஓடும். அப்படி ஆனால் எறிய வேண்டாம், ஒரு கரண்டியளவு எடுத்து அடுப்பில் பசையாக்கி மறுபடி சேர்த்துப் பிசைந்தால் பிடித்துக்கொள்ளும்.

மாவைப் பென்சில் தடிப்புக் கயிறாக உருட்டி, 8 மில்லிமீற்றர் துண்டாக வெட்டி உருண்டையாக்குங்கள். வெந்து ஊறும்போது பெருக்கும், எனவே ஆசைப்பட்டுப் பெரிதாக்கினால் ஸ்ட்ரோவில் ஏறாது. மிச்ச மாவை ஈரத்துணியால் மூடியே வைத்திருங்கள். காய்ந்தால் உருட்டும்போதே வெடிக்கும். உருட்டியவை ஒட்டாமல் மாச்சத்தைத் தூவுங்கள்.

முத்தின் அளவைப் போல் பத்து மடங்கு தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போடுங்கள். பச்சைத்தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் கரைந்துவிடும். அடியில் ஒட்டாமல் ஒரு தடவை கிளறி, மிதந்ததும் நடுத்தர நெருப்பில் 20 நிமிடம், அடுப்பை அணைத்து மூடி இன்னொரு 20 நிமிடம். இந்த மூடிவைப்பில்தான் நடு வேகும். வடித்துக் குளிர்நீரில் அலசி, 3 மேசைக்கரண்டி சக்கரைப்பாகில் போடுங்கள். கடையில் வாங்கிய காய்ந்த முத்துக்குப் பக்கற்றில் எழுதிய நேரமே சரி; 5 நிமிட வகையும் உண்டு, அரை மணி வகையும் உண்டு.

சாயத்துக்கு நம் தேயிலையை மிஞ்ச எதுவும் தேவையில்லை. 10 கிராம் பீஓபிஎஃப் (பொடியாக உடைத்த தேயிலை வகை) தூளுக்கு 250 மில்லிலீற்றர் கொதிநீர், மூடி 4 நிமிடம், வடித்துவிடுங்கள். தூள் பொடியாக இருப்பதால் அதற்கு மேல் விட்டால் துவர்க்கும். சூட்டிலேயே 25 கிராம் பால்மாவைக் கரையுங்கள். வழமையான தேத்தண்ணியை விடக் கடுப்பாகத் தோன்றும். தோன்றட்டும், ஐஸ் கரைவதற்கும் இடம் விட வேண்டுமே. ஆறியதும் இறுக்கமான மூடியுள்ள போத்தலில் ஐஸோடு போட்டு 20 விநாடி பலமாகக் குலுக்குங்கள். மேலே மெல்லிய நுரை நிற்கும். சூட்டோடு குலுக்கினால் மூடி தெறிக்கும்.

சீவிய ஐஸ்

இதில் முதல் கேள்வி ஐஸ் எங்கிருந்து வந்தது என்பது. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மீனுக்குப் போகும் ஐஸ் கட்டி எப்போதும் கிடைக்கும். அது மீனைக் குளிரவைக்க உறைந்தது, தின்பதற்கு அல்ல. குடிநீரில் கடையிலேயே உறையவைத்த கட்டியா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். இளநீலமாகவும் பச்சையாகவும் ஊற்றும் பாகை விட இது பெரிய விஷயம்.

தாய்வானில் இருவகை உண்டு. ஒன்று வெறும் தண்ணீர்க் கட்டியைச் சீவி மேலே பாகும் பண்டங்களும் இடுவது. மற்றது பாலையே உறையவைத்துச் சீவும் 'பனிப்பூ ஐஸ்', நாடா நாடாவாக மடிந்து விழும். சீனியும் கொழுப்பும் கட்டியைக் கல்லாக விடாததால்தான் அப்படி விழுகிறது. வீட்டுக்கு இதுவே இலகு. 400 மில்லிலீற்றர் பால், 100 கிராம் டின் பால், ஒரு சிட்டிகை உப்பு கலந்து, தட்டையான டப்பாவில் இரவு முழுக்க உறையவையுங்கள். எடுத்த உடனே சீவினால் மணலாக உடையும். 10 நிமிடம் வெளியே வைத்து, மேற்பரப்பு ஈரமாக மினுங்கும்போது துருவியில் அல்லது முட்கரண்டியில் நீளமாக இழுங்கள். கிண்ணத்தையும் முன்கூட்டியே உறையறையில் வைத்தால் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்கும்.

மேலே போட அங்கே சிவப்பு அவரை. இங்கே அவித்துச் சீனியில் ஊறவைத்த சிவப்புக் கௌபி அதன் வேலையைச் செய்யும். அவித்த பயறு அங்கேயும் வழக்கம். நோன்பு காலத்தில் காய்ச்சும் கடற்பாசியைச் சிறு சதுரமாக வெட்டிப் போட்டால் ஜெலற்றின் கவலையே இல்லை. மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பான் ஒன்று போதும், பாகு வேண்டாம். பண்டங்களில் பாதியைக் கிண்ணத்தின் அடியில் இடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் வெறும் பால்தண்ணீர் மிஞ்சும். சாப்பிடும்போதும் நடுவில் குத்தாமல் ஓரத்திலிருந்து அள்ளுங்கள், குத்தினால் சரியும்.

கொறிக்க

தாய்வான் பொப்கோர்ன் சிக்கன் பல கடைகளில் சாதாரணப் பொரித்த கோழிதான். சரியானது வற்றாளங்கிழங்கு மாச்சத்தின் பருக்கைகளைப் புரட்டி இருமுறை பொரித்தது. முதலில் நடுச்சூட்டில் 3 நிமிடம், பிறகு கடும் சூட்டில் 1 நிமிடம். இறக்கியதும் மிளகும் உப்பும் ஐவகை மசாலாவும் தூவுவார்கள். அங்கே கோழியை ஊறவைப்பதில் அரிசி மதுவும் சேர்ப்பது வழக்கம். அதனால் ஹலால் பலகை இல்லாத கடையில் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

வெங்காயத்தாள் ரொட்டி எங்கேயாவது கண்டால் விடாதீர்கள். பராட்டாவின் தூரத்து உறவு, ஆனால் அடுக்குக்குள் வெங்காயத்தாளும் உப்பும் இருக்கும். இலேசான சோயாவில் தொட்டுச் சூட்டோடு தின்ன வேண்டும். நம் ஆணத்தை ஊற்றினால் மொறுமொறுப்பும் போகும், வெங்காயத்தாளின் வாசமும் தெரியாது.