ஒப்புக்குச் சப்பாணி: காகித வெட்டில் முதல் அனிமேஷன் குறும்படம்

கல்லூரி புராஜெக்ட்டுக்கு அனிமேஷன் படம் எடுக்க ஆசை, ஆனால் எந்த மென்பொருளும் தெரியாது என்பவர்களுக்கு இது. மொபைல், சார்ட் பேப்பர், கத்தரிக்கோல், ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ மாதிரி ஒரு செயலி. அவ்வளவு போதும். வெட்டிய காகித உருவங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு ஃபோட்டோ எடுக்க வேண்டும். அவற்றைச் செயலி வரிசையாக ஓட்டினால் உருவங்கள் அசைவதுபோலத் தெரியும்.

படி 1: கதை
தெரு கிரிக்கெட்டில் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்க்கப்பட்ட ஒரு சிறுமி. கடைசிப் பந்தில் அவளைச் சிக்ஸர் அடிக்க வைக்காதீர்கள், தயவுசெய்து. அதை எல்லாரும் யூகித்துவிடுவார்கள். யாரும் பந்து தராததால் அவளுக்கு மற்றவர்களைக் கவனிக்க நிறைய நேரம். யார் எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்பது அத்துப்படி. மட்டை சுழலும் முன்பே இரண்டடி நகர்ந்து நிற்கிறாள். பந்து நேராகக் கைக்கு வருகிறது. 40 நொடிக்கு இது தாராளம்.

படி 2: ஸ்டோரிபோர்டு
கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து பார்ப்பதுதான் இது. ஏ4 தாளை எட்டாக மடித்தால் எட்டுக் கட்டம். குச்சி மனிதர்கள் போதும். முதல் கட்டங்களில் அவளை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட மாதிரி வையுங்கள். அவளை யாரும் மதிக்கவில்லை என்பதற்கு வசனமே வேண்டாம்.

படி 3: வெட்டுதல்
தலை, உடல், கை, கால் தனித்தனியாக. தோளிலும் இடுப்பிலும் நூல் முடிச்சு. முகத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, கண்ணுக்கு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். கருவிழிக்குக் கறுப்புத் தாளில் பஞ்சிங் மெஷின் போட்டு விழும் பொட்டுகள் கச்சிதம். ஒட்டாமல் வைத்து, குண்டூசி முனையால் தள்ளலாம். பாதி நடிப்பு அந்தப் பொட்டில்தான்.

படி 4: மேடை
இரண்டு ஸ்டூலுக்குக் குறுக்கே பலகை, அதன் விளிம்பில் கேமரா கீழே பார்க்கும்படி மொபைலை டேப் போட்டு ஒட்டுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) இரண்டையும் லாக் செய்யுங்கள். ஜன்னலை மூடி, இரு பக்கமும் டேபிள் லேம்ப் வையுங்கள். வெயில் நகர்ந்தால் படம் மினுக்கும். ஃபேனை மறக்காமல் நிறுத்துங்கள்!

படி 5: படப்பிடிப்பு
சினிமாவுக்கு நொடிக்கு 24 படம். நமக்கு 12 போதும். 40 நொடிக்கு 480. பயப்பட வேண்டாம், அவள் அசையாமல் நிற்கும் இடங்களில் ஒரே படத்தைச் செயலியில் நகலெடுத்துக்கொள்ளலாம்.

அவள் நகரும் இடம்தான் முக்கியம். முதலில் கருவிழி மட்டும் நகரட்டும். அப்புறம் 6 படங்களுக்கு, அதாவது அரை நொடி, எதையும் தொடாதீர்கள். பார்ப்பவர் அவள் கண் போன திசையைப் பிடிக்க அவ்வளவு நேரம் வேண்டும். அடுத்து தலை. பிறகு உடலை எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்த்து, அதன்பின் நடக்க விடுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் நகர்ந்தால் பொம்மையை இழுத்த மாதிரி இருக்கும். கண் சிமிட்ட, கண்ணின் மேல் காகித இமையை வைத்து அரை இமை, முழு இமை, மறுபடி அரை இமை என மூன்று படம். உருளும் பந்தை ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே முதலில் அகல இடைவெளி விட்டு நகர்த்துங்கள், நிற்கப்போகும்போது நெருக்கமாக.

படி 6: ஒலி
மட்டைச் சத்தம், தெருக் கூச்சல் இரண்டையும் மொபைலில் தனியாகப் பதிந்து சேருங்கள். சேமிக்கும்போது நொடிக்கு 12 என்ற அமைப்பில் கை வைக்காதீர்கள். 24 ஆக்கினால் படம் 20 நொடியில் ஓடி முடிந்துவிடும், சத்தம் மட்டும் மிச்சம் கிடக்கும்.