ஒரே எண், மூன்று கணக்கு: வாடிக்கையாளர் பட்டியலைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் இ-இன்வாய்ஸ் (வரித் துறை வழியாகப் போகும் மின்ரசீது) வந்த பிறகுதான் பல கடைகள் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலை முழுதாகத் திறந்து பார்த்தன. ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1-இல் அது தொடங்கியது. 2025 ஜூலை 1-இல் 50 லட்சத்தைத் தாண்டியவர்களையும் எட்டிவிட்டது. பெஸ்தாரி ஜெயாவிலோ சுங்கை சிப்புட்டிலோ தோட்டங்களுக்கு உரம், களைக்கொல்லி, டயர் போடும் கடை இ-இன்வாய்ஸ் அனுப்ப வேண்டுமானால், வாங்குபவரின் டின் எண் (வரி அடையாள எண்), பதிவு எண், முகவரி, தொடர்பு எண் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கவுண்டரில் நின்றவர்கள் பல வருஷமாகக் கைக்கு வந்தபடி தட்டிவைத்த பட்டியல் அது. இப்போது ஒரு வாரத்தில் சுத்தம் செய்யப் பார்க்கிறார்கள். சேதம் பெரும்பாலும் அந்த ஒரு வாரத்தில்தான் நடக்கிறது.

தொலைபேசி எண் ஒன்றானால் ஆளும் ஒன்று என்று நினைப்பது

இதைவிடப் பெரிய தவறு இல்லை. சின்னப் பட்டணத்தில் ஒரே கைப்பேசி எண் லாரிக் குத்தகைக் கணக்கிலும் இருக்கும், அண்ணன் மளிகைக் கடைக் கணக்கிலும் இருக்கும், கோயில் கமிட்டிப் பொருளாளர் என்ற பெயரிலும் இருக்கும். மூன்றும் ஒருவர் கையில் உள்ள போன்; ஆனால் மூன்று கடன், மூன்று ரசீது. எண் பொருந்துகிறதே என்று ஒன்றாக்கினால், கோயில் திருவிழாவுக்கு வாங்கிய பெயின்ட் பாக்கி லாரிக் கணக்கில் ஏறி, மாதக் கடைசி ஸ்டேட்மெண்டில் போய் நிற்கும். ஒன்றாக்கிய கணக்கைப் பிறகு பிரிப்பது லேசில்லை. பழைய ரசீது ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

நிறுவனத்தை அடையாளம் காட்டுவது எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு எண். 2019 அக்டோபரிலிருந்து அது 12 இலக்கம்: முதல் நான்கு பதிவான ஆண்டு, அடுத்த இரண்டு வகை, கடைசி ஆறு வரிசை எண். வகையில் 01 என்றால் உள்நாட்டு கம்பெனி, 03 என்றால் தனிநபர் அல்லது கூட்டு வியாபாரம். 1985-இல் பதிவான கம்பெனியின் புது எண்ணும் 1985 என்றே தொடங்கும். கடைசியில் ஓர் எழுத்தோடு முடியும் பழைய எண் இன்னும் பல லெட்டர்ஹெட்டில் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்; ஒன்றை மற்றதன் மேல் எழுதிவிடாதீர்கள். எஸ்எஸ்எம் எண் இல்லாத கோயில், தமிழ்ப்பள்ளி, சிறுதோட்டக்காரர்களுக்கு பட்டியலில் நீங்களே கொடுக்கும் கணக்கு எண்ணே அடையாளத்துக்குப் போதும். தொலைபேசி எண் ‘இது இரட்டைப் பதிவோ’ என்று சந்தேகப்பட மட்டும் உதவும்.

தோட்டத்தையும் கிராணியையும் ஒரே வரியில் வைப்பது

பட்டியலில் ‘இன்ன தோட்டம்’ என்று பெயர் இருக்கும், எண் கிராணியின் (தோட்ட ஆபிஸ் எழுத்தரின்) சொந்த வாட்ஸ்அப்பாக இருக்கும். கிராணி மாற்றலாகிப் பகாங் போனால் எண்ணும் கூடவே போய்விடும். அடுத்த உர விலைப்பட்டியல் அவர் இப்போது வேலை செய்யும் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். அங்கே உங்கள் விலையை வைத்தே பேரம் நடக்கும்.

ஆபிஸ் ஒரு வரி, ஆள் ஒரு வரி என்று பிரித்துவிடுங்கள். ஆபிஸ் வரியில் நிலைப்போன், ஆபிஸ் மின்னஞ்சல், முகவரி. ஆள் வரியில் பெயர், பொறுப்பு, எந்தத் தேதியிலிருந்து, கடைசியாக எப்போது உறுதி செய்தோம். மாற்றலாகிப் போனவரை அழிக்காமல் முடிவுத் தேதி போடுங்கள். பழைய ஆர்டரில் யார் கையெழுத்து என்று கேள்வி வரும்போது அந்த வரி தேவைப்படும்.

இதே இடத்தில் இன்னொரு குழப்பம். 2024-இல் சைம் டார்பி பிளாண்டேஷன், எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறினால் பதிவு எண் மாறாது. பெயரைத் திருத்தி, பழைய பெயரைத் தனிக் கட்டத்தில் வைத்தால் போதும். தோட்டம் வேறு கம்பெனிக்கு விற்கப்பட்டால் கதை வேறு. போர்டில் தோட்டத்தின் பெயர் அப்படியே இருக்கும், வாங்குபவரின் பதிவு எண் மாறியிருக்கும். அப்போது புதுக் கணக்குதான் திறக்க வேண்டும். பழைய பாக்கி பழைய கம்பெனியோடு.

அப்பாவைக் கூப்பிடும் கணினி

வெளிநாட்டு மென்பொருள்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். ‘குமார் ஏ/எல் முனியாண்டி’ (முனியாண்டியின் மகன் குமார்) என்பதை அதில் உடைத்தால், தீபாவளி வாழ்த்து ‘அன்புள்ள திரு முனியாண்டி’ என்று போகும். சீனர் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வருவதால் அங்கே தலைகீழாகும். பெயரை உடைக்கவே வேண்டாம்: அடையாளக் கார்டில் உள்ளபடி முழுப்பெயர் ஒரு கட்டம், கூப்பிடும் பெயர் ஒரு கட்டம். மகன், மகள் என்று காட்டும் ஏ/எல், ஏ/பி, எஸ்/ஓ என்பதெல்லாம் முழுப்பெயரில் அப்படியே இருக்கட்டும். இரட்டைப் பதிவு தேடும்போது மட்டும் அவற்றை ஒதுக்கிவிட்டு ஒப்பிடுங்கள். லெட்சுமியும் லக்ஷ்மியும் ஒருவரா இருவரா என்பதை மென்பொருள் முடிவு செய்யக்கூடாது, ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எக்செல் சத்தமில்லாமல் தின்னும் இலக்கங்கள்

சிஎஸ்வி கோப்பை (பட்டியலை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) இரட்டைக் கிளிக்கில் எக்செல்லில் திறந்தாலே முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். கூலிமின் 09000 என்ற அஞ்சல் குறியீடு 9000 ஆகும். 12 இலக்கப் பதிவு எண் ‘2.01901’ என்று சுருங்கி, நடுவில் ஓர் ‘ஈ’ எழுத்தோடு நிற்கும். அப்படியே சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். 011 கைப்பேசி எண்ணின் முன் நாட்டுக் குறியீடான 60 சேர்த்தாலும் 12 இலக்கம், அதே கதி. கோப்பை நேரடியாகத் திறக்காமல் ‘டேட்டா’ மெனு வழியாக இறக்கி, எண் உள்ள கட்டங்களையெல்லாம் ‘டெக்ஸ்ட்’ என்று குறித்த பிறகே தொடுங்கள்.

எண்ணின் நீளத்தையும் சோதியுங்கள். 011-க்குப் பின் 8 இலக்கம், 012 போன்றவற்றுக்குப் பின் 7. சிலாங்கூர் நிலைப்போனில் 03-க்குப் பின் 8, பேராக்கில் 05-க்குப் பின் 7. 60 சேர்க்கும்போது முன்னுள்ள பூஜ்யத்தை எடுக்க மறந்தால் 600 என்று தொடங்கும். அப்படித் தொடங்குவதையெல்லாம் ஒரு வடிகட்டியில் பிடித்துவிடலாம்.

ஊர்ப் பெயரும் இப்படித்தான். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது, பட்டியலில் இரண்டும் கிடக்கும். 45600 என்ற அஞ்சல் குறியீட்டை வைத்துத் தேடினால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

வெற்றிடத்தை நிரப்புவதும், அவசரமாக அழிப்பதும்

கட்டாயக் கட்டம் என்று வைத்தால் கவுண்டரில் இருப்பவர் 0000, ‘தியாடா’ (மலாயில் ‘இல்லை’) என்று எதையாவது தட்டிவிட்டுப் போவார். இல்லாததைவிட இது மோசம், ஏனென்றால் நிரம்பிய கட்டத்தை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. தெரியாததை வெறுமையாக விட அனுமதியுங்கள்.

மின்னஞ்சல் ஒருமுறை திரும்பி வந்ததும் அழித்துவிடாதீர்கள். திரும்பி வந்த மடலில் 5-இல் தொடங்கும் குறியீடு நிரந்தரத் தோல்வி, 4-இல் தொடங்குவது தற்காலிகம், பெட்டி நிரம்பியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் நிற்பதும் ஆதாரமாகாது, தோட்டத்துக்குள் லைன் கிடைக்காமல் இருக்கலாம். பெரட்டு (காலையில் தொழிலாளர் ஆஜர் எடுப்பது) முடிந்து கிராணி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஆபிஸ் நிலைப்போனுக்கு ஒருமுறை அழைத்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

‘விளம்பரம் அனுப்பாதே’ என்றவரின் வரியை அழிப்பதும் தவறு. அடுத்த முறை வேறு பட்டியலை ஏற்றும்போது அவர் புது ஆளாகத் திரும்பி வருவார். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த மறுப்பை உரிமையாகவே தருகிறது. ஆகவே வரியை வைத்துக்கொண்டு தடைக்குறி போடுங்கள். இரண்டு பதிவை ஒன்றாக்கும்போது ஒன்றில் தடை இருந்தால், சேர்ந்த பதிவிலும் தடை இருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் முழுப் பட்டியலின் நகலைத் தேதி போட்டு வேறு டிரைவில் வையுங்கள். முதலில் 50 வரி மட்டும் திருத்தி, அந்த 50 பேரின் பாக்கித் தொகை முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். ஒரு சென் வித்தியாசம் வந்தாலும் நிறுத்துங்கள். பழைய கணக்கு எண் எந்தப் புது எண்ணாக மாறியது என்ற தாள் ஒன்று ஏழு வருஷமாவது இருக்கட்டும், வரிக் கணக்குகளை வைத்திருக்க வேண்டிய காலமும் அதுதான். அதன் பிறகு கவுண்டரில் புதுக் கணக்கு திறக்கும் அனுமதி ஒருவருக்கு மட்டும். அவரும் பதிவு எண்ணையும் போனின் கடைசி நான்கு இலக்கத்தையும் தேடிப் பார்த்த பிறகே திறக்க வேண்டும்.