கதையின் தொடக்கம் எழுதும் போட்டியா? இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்

கேரள எல்லையை ஒட்டிய நம்ம தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் போட்டி இது. முழுக் கதை வேண்டாம், தொடக்கம் மட்டும், 150 சொல்லுக்குள். படித்து முடித்ததும் "அப்புறம்?" என்று எங்களைக் கேட்க வைத்துவிட்டால் போதும். ஆனால் போன தடவை வந்த தாள்களில் சூரியன் மேற்கே மெல்ல மறைந்துகொண்டே இருந்தான், பறவைகள் கூடு திரும்பிக்கொண்டே இருந்தன. நமக்கு மேற்கே மலை, சூரியன் மறைவதற்கு முன்பே மலை அதை மறைத்துவிடும், அதையாவது ஒரு பிள்ளை எழுதியிருக்கலாம்!

முதல் வேலை, கருத்தைத் தேடாதீர்கள், இடத்தைத் தேடுங்கள். பிரானூர் மர அறுவை மில், பார்டர் புரோட்டாக் கடையின் கல், புளியரை செக்போஸ்டில் கேரளாவுக்குப் போகக் காத்து நிற்கும் வைக்கோல் லாரி, இதில் நீங்கள் நின்று பார்த்த ஒன்றை எடுங்கள். அடுத்து, அங்கே தினமும் நடக்காத ஒன்று இன்றைக்கு நடக்கட்டும்.

உதாரணத்துக்கு ஒன்று. "முருகன் ஒரு ஏழைச் சிறுவன். அவன் அப்பா லாரி ஓட்டுநர். அவர்கள் செங்கோட்டையில் வசித்து வந்தனர். ஒரு நாள்..." என்று தொடங்கினால் அந்த "ஒரு நாள்" வருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அதையே இப்படி எழுதலாம்:

"வைக்கோல் லாரிக்குள்ளிருந்து ஆடு கத்தியது. போலீஸ்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்."

ஏழை என்பதும் ஊர்ப் பெயரும் பிறகு தானாக வரும். ஆனால் அந்த ஆடு எப்படி ஏறியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தாளில் எழுத வேண்டியதில்லை, ஆனாலும் தெரியாமல் எழுதியிருந்தால் மூன்றாவது வரியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது தகவல். இதில்தான் கெட்டிக்காரப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். 1904-ல் மலை வழியாக ரயில் வந்தது, பதிமூன்று கண் பாலம், 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது என்று முதல் பத்தியிலேயே பாடப்புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். எல்லாம் சரிதான், ஆனால் கதை இன்னும் ஆரம்பிக்கவில்லையே. இங்கிருந்து மலை தாண்டிக் கேரளத்துப் புனலூருக்குப் போகும் பாதையில் மீட்டர் கேஜ் (குறுகிய தண்டவாள) ரயில் 2010-ல் நின்று, 2018-ல்தான் அகலப் பாதையில் மறுபடி ஓடியது. அந்த இடைவெளியை ஒரு ஆளின் மேல் ஏற்றிப் பாருங்கள்:

"ரயில் நின்ற பிறகும் தாத்தா காலை ஏழு மணிக்கு ஆரியங்காவு ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார், சட்டைப்பையில் டிக்கெட்டோடு."

வருஷமே சொல்லவில்லை, பார்த்தீர்களா?

மொழிக்கு வருவோம். ஆடி மாதம் வெயிலும் தூறலும் சேர்ந்து விழுவதை நாம் சாரல் என்கிறோம், கதையில் மட்டும் ஏன் அது "அடைமழை" ஆகிறது? மலைக்கு அந்தப் பக்கத்துப் பாட்டி "எந்தா மோளே" என்று கூப்பிடுகிறவள் என்றால் அப்படியே கூப்பிடட்டும், "அன்பு மகளே" வேண்டாம். ஆனால் ஒன்றிரண்டு மலையாளச் சொல் போதும், அதுவும் சூழ்நிலையிலிருந்தே பொருள் புரிய வேண்டும்.

எழுதி முடித்தபின் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் முதல் இரண்டு வரியைக் கையால் மறைத்துக்கொண்டு மூன்றாவது வரியிலிருந்து சத்தமாகப் படியுங்கள். கதை புரிந்துவிட்டால் அந்த இரண்டும் வெட்ட வேண்டியவை, மனசு வலிக்கத்தான் செய்யும். அப்புறம் சொல் எண்ணிக்கை. போன் இடைவெளியை வைத்துத்தான் எண்ணும் என்பது தெரிந்து நாலு சொல்லை ஒட்டி ஒரே சொல்லாக்கி அனுப்பும் சாமர்த்தியசாலிகளே, நாங்கள் கையால் எண்ணுகிறோம்.

கடைசி வரியில் எதையும் முடித்து வைக்காதீர்கள். கனவு கண்டு விழித்தான் என்றால் கண்டிப்பாகத் தள்ளிவிடுவோம்.

பெயரும் வகுப்பும் தாளின் பின்பக்கம் மட்டும். சின்ன ஊர், நடுவர்களில் உங்கள் மாமா இருந்தாலும் இருப்பார்.