இரும்புத் தூணுக்கு கீழ பெடஸ்டல்ல விரிசலா? பூசுறதுக்கு முன்னாடி பாருங்க

குன்னூர் பக்கம் சரிவுல தேயிலை ஷெட்டு வச்சிருக்கவங்க, இரும்புத் தூணைத் தாங்குற கான்கிரீட் பெடஸ்டல்ல விரிசல் பாத்ததும் சிமெண்ட் பூசி மூடிடாதீங்க. பாசியை பிரஷ் போட்டு தேய்ச்சுட்டு விரிசல் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. கம்பி வாக்குல நேரா ஓடி பழுப்புக் கறை கசிஞ்சா உள்ள கம்பி துரு பிடிச்சிருக்கும், சுத்தியலால தட்டுனா டொப்புன்னு பொள்ளலா கேக்கும். தூணை கான்கிரீட்டோட பிடிச்சு வைக்கிற ஆங்கர் போல்ட்டுல இருந்து ஓரத்துக்கு ஓடுனா போல்ட்டை விளிம்புக்கு ரொம்ப கிட்ட வச்சிருக்கலாம். சாய்வா ஓடி, தூணுக்கு அடியில இருக்க இரும்புத் தகடு (பேஸ் பிளேட்) லெவலும் தப்பியிருந்தா மண்ணு இறங்குதோன்னு சந்தேகப்படணும், மேட்டுப்பக்க வடிகால் அடைச்சிருக்கான்னு பாருங்க, எங்க ஊர்ல அடிக்கடி அதுதான் வில்லன். மண்ணு தொடுற கான்கிரீட்டுக்கு இந்தியாவோட கான்கிரீட் தரவிதி ஐஎஸ் 456 சொல்ற விரிசல் அகல வரம்பு 0.2 மி.மீ. தான். விரிசலுக்கு குறுக்க மெல்லிசு கண்ணாடித் துண்டு ஒட்டி தேதி எழுதுங்க, ஐப்பசி மழைக்குள்ள அது உடைஞ்சா விரிசல் இன்னும் நகருது, உடனே இன்ஜினியரைக் கூப்பிடுங்க.