வேனில் வைத்து வேலை செய்ய எந்தக் கம்ப்ரசர் வாங்குவது?

வேனில் போய் பஞ்சர் பார்க்கும் தொழிலைத் தொடங்கப் போகிறேன், எந்தக் கம்ப்ரசர் வாங்கலாம் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். எல்லோரும் பேச்சை ஆரம்பிப்பது எத்தனை எச்.பி., எத்தனை லிட்டர் டேங்க் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, கரன்ட் எங்கிருந்து வரப்போகிறது? கடை வைத்திருப்பவருக்குச் சுவரில் பிளக் இருக்கிறது, எதை வாங்கி வைத்தாலும் ஓடிவிடும். வேனில் அப்படியில்லை. கரன்ட்டை முடிவு செய்த பிறகுதான் கம்ப்ரசரையே பார்க்கப் போக வேண்டும்.

நான் தலைகீழாகச் செய்தேன். மாருதி ஈக்கோ வேன் வாங்கிய கையோடு 1.5 எச்.பி., 24 லிட்டர் டேங்க் வைத்த ஒன்றை வாங்கி, வீட்டில் சும்மா இருந்த இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். டேங்க் காலியாக இருந்தபோது ஒழுங்காகத்தான் ஓடியது. சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு காருக்கு முதல் டயர் முடித்து இரண்டாவதில் ஹோஸை மாட்டினேன், டேங்கில் அழுத்தம் இறங்கி மோட்டார் மறுபடி எடுக்க வேண்டிய நேரத்தில் அது 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நின்றுவிட்டது, இன்வெர்ட்டர் அலாரம் அடித்தது. மகளை ரயிலேற்றப் போய்க்கொண்டிருந்தார் கார்க்காரர். இரண்டு பேரும் மாறி மாறி கால்பம்பை மிதித்து அனுப்பி வைத்தோம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்தது.

என்ன நடந்தது என்று பிறகுதான் புரிந்தது. இந்த வகை மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு கரன்ட்டை இழுக்கும். 1 எச்.பி. என்பது 746 வாட், ஆனால் அது தண்டில் கிடைக்கும் சக்தி, பிளக்கிலிருந்து அது எடுப்பது 1000, 1100 வாட் வரை போகும், ஸ்டார்ட்டிங்கில் அதன் பல மடங்கு. அதோடு வீட்டு இன்வெர்ட்டர்களில் பல சதுர அலை கொடுப்பவை, அதில் மோட்டார் முனகும், சூடாகும். சுவர் பிளக்கில் வருவதைப்போல் சீரான அலை கொடுக்கும் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வேண்டும், 1 எச்.பி. மோட்டாருக்கே 3 கே.வி.ஏ. அளவுக்குக் கீழே யோசிக்காதீர்கள்.

சரி, முதலில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பைக், கார் பஞ்சர் மட்டும் என்றால் தேவை ரொம்பக் குறைவு. ஒரு சாதாரண காரின் 15 அங்குல டயருக்குள் சுமார் 30 லிட்டர் இடம் இருக்கும். 20 பி.எஸ்.ஐ.யிலிருந்து 33க்கு ஏற்ற 27 லிட்டர் (அழுத்தாத வெளிக்காற்றின் கணக்கில்) போதும், முழுக்க இறங்கிய டயரை 33க்குக் கொண்டுவர 70 லிட்டர் வரை வேண்டும். 24 லிட்டர் டேங்க் 8 பார் அழுத்தத்தில் (ஒரு பார் சுமார் 14.5 பி.எஸ்.ஐ.) நிரம்பியிருந்தால், அது 3 பாருக்கு இறங்குவதற்குள் 24ஐ 5ஆல் பெருக்கி 120 லிட்டர் கொடுக்கும். அதாவது மோட்டாரே ஓடாமல் ஒரு காலி டயரும் இன்னொன்றில் பாதிக்கு மேலும் முடிந்துவிடும். டேங்க் லிட்டரை எத்தனை பார் இறங்கியதோ அதனால் பெருக்கினால் வெளியே வந்த காற்றின் லிட்டர், இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதியை நீங்களே சரிபார்த்துவிடலாம்.

டியூப்லெஸ் டயரைக் கழற்றி மாட்டும் வேலையும் உண்டு என்றால் டேங்க் கட்டாயம். டயர் விளிம்பு ரிம்மில் போய் 'டப்'பென்று உட்கார, நிறைய காற்று ஒரே மூச்சில் போக வேண்டும். டேங்க் இல்லாத 12 வோல்ட் பம்பு எவ்வளவு நேரம் ஓடினாலும் காற்று பக்கவாட்டில் கசிந்துகொண்டே இருக்கும். ஆனால் பைக்குக்கும் காருக்கும் ஓட்டையில் ரப்பர் ஸ்ட்ரிப் சொருகி அடைத்துக் காற்றடிப்பது மட்டும்தான் வேலை என்றால், வண்டி பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் இரட்டை சிலிண்டர் 12 வோல்ட் பம்பே ஆரம்பத்துக்குப் போதும். அதைச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகாதீர்கள், ஃபியூஸ் போய்விடும்.

நட்டு கழற்ற ஏர் இம்பேக்ட் கன் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரை அங்குல கன் 90 பி.எஸ்.ஐ.யில் 4, 5 சி.எஃப்.எம். கேட்கும், ஒரு சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு 28.3 லிட்டர். சின்ன டேங்கில் நாலு நட்டுக்குப் பிறகு கன் தளர்ந்துவிடும். பேட்டரி இம்பேக்ட் கன்னை வாங்கிவிட்டு கம்ப்ரசரைக் காற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே வேன் தொழிலுக்குச் சரி என்பது என் முடிவு. பெயின்ட் அடிக்கும் வேலை வேறு உலகம், கன் விடாமல் காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதற்கு இந்தக் குட்டி இயந்திரங்கள் ஆகாது.

லாரி டயர் பற்றிக் கேட்பவர்களை நான் கொஞ்சம் நிறுத்தி வைப்பேன். 10.00 ஆர் 20 டயருக்குள் சுமார் 140 லிட்டர் இடம். அதை 110 பி.எஸ்.ஐ.க்கு, அதாவது ஏறக்குறைய 7.6 பாருக்கு ஏற்ற ஆயிரம் லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். 8 பாரில் கட் ஆகி 6 பாரில் திரும்ப எடுக்கும் கம்ப்ரசரால் அந்தக் கடைசி அழுத்தத்தை ஏற்ற முடியாமல் திணறும். லாரிக்கு காற்றை இரண்டு கட்டமாக அழுத்தி 12 பார் வரை போகும் இரண்டு ஸ்டேஜ் இயந்திரம், பெட்ரோல் இன்ஜின், திறந்த பாடி உள்ள டாடா ஏஸ் மாதிரி ஒரு வண்டி, இவை மூன்றும் வேண்டும். லாக் ரிங் வைத்த பழைய ரிம்மில் காற்றடிக்கும்போது அந்த வளையம் தெறித்து ஆள் போன சம்பவங்கள் இந்தத் தொழிலில் உண்டு. டயரை உள்ளே வைத்துக் காற்றடிக்கும் இரும்புக் கூண்டு இல்லாமல், நீள ஹோஸும் கிளிப் நாசிலும் இல்லாமல் அந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள், நேராக எதிரே நின்று காற்றடிக்கவே அடிக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது கடைக்குப் போகலாம். இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் சி.எஃப்.எம். பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் கொள்ளளவு, வெளியே வந்து சேரும் காற்று இல்லை. வந்து சேருவதற்கு எஃப்.ஏ.டி. என்று பெயர், அதைக் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் நீங்களே அளக்கலாம், கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும். டேங்க் 4 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற எத்தனை வினாடி என்று பாருங்கள். 24 லிட்டர் டேங்கில் அது 96 லிட்டர் காற்று. ஒரு நிமிடம் பிடித்தால் நிமிடத்துக்கு 96 லிட்டர், அதாவது 3.4 சி.எஃப்.எம். பூஜ்ஜியத்திலிருந்து அளந்து காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அடியில் எல்லாமே வேகமாகத்தான் ஏறும்.

அடுத்து, நான் செய்யத் தவறிய சோதனை. டேங்க் நிரம்பி மோட்டார் நின்றதும் 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும். பிஸ்டன் தலையிலும் பைப்பிலும் மாட்டியிருக்கும் அழுத்தத்தை அன்லோடர் வால்வு வெளியே விடுகிற சத்தம் அது. அது இல்லையென்றால் அடுத்த முறை மோட்டார் சுமையோடு எழ வேண்டியிருக்கும், அதுதான் முனகல், அதுதான் காயில் எரிவது. அப்புறம் காற்றை மெதுவாகத் திறந்துவிட்டு, 6 பார் பக்கம் அது தானாக மறுபடி ஸ்டார்ட் ஆவதைப் பாருங்கள். முடிந்தால் உங்கள் இன்வெர்ட்டரைக் கடைக்கே தூக்கிப் போய் அதில் ஐந்தாறு முறை இப்படி எடுக்க வையுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கரன்ட்டுக்கு வருவோம். என் வேனில் இப்போது 100 ஏ.எச்., 12.8 வோல்ட் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி இருக்கிறது. அதில் 1280 வாட்-அவர். மோட்டார் நாள் முழுக்க ஓடுவதில்லை, பத்துப் பன்னிரண்டு வேலைக்கு எல்லாம் சேர்த்து 40 நிமிடம் ஓடினால் அதிகம், 1 எச்.பி. மோட்டாரின் 1100 வாட்டில் அது இன்வெர்ட்டர் இழப்போடு 800 வாட்-அவர் சொச்சம். இரவு வீட்டு பிளக்கில் 20 ஆம்பியர் சார்ஜரில் போட்டால் விடிவதற்குள் நிரம்பிவிடுகிறது. வண்டி ஆல்டர்நேட்டரை நம்பி நேரடியாக இன்வெர்ட்டரை ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள், 12 வோல்ட்டில் 1100 வாட் என்றால் 90 ஆம்பியருக்கு மேல், சின்ன வேனின் ஆல்டர்நேட்டர் அதைத் தாங்காது. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் உள்ள கேபிள் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும், பேட்டரி முனையிலேயே ஃபியூஸ் போடுங்கள்.

பெட்ரோல் இன்ஜின் கம்ப்ரசருக்குக் கரன்ட் கவலையே இல்லை, பலமும் அதிகம். ஆனால் மூடிய வேனுக்குள் அதை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும். சத்தமும் அப்படி, இரவு ஒன்பது மணிக்கு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அதை இழுத்து ஸ்டார்ட் செய்தால் வாட்ச்மேன் உங்களை உள்ளே விடுவது அதுவே கடைசி.

ஆயில் போடுவதா, ஆயில் ஃப்ரீயா? கடையில் நிலையாக நிற்க ஆயில் வகை, அதிலும் பெல்ட் போட்டு மெதுவாகச் சுற்றுவது நீண்ட நாள் உழைக்கும். பெல்ட் இல்லாமல் நிமிடத்துக்கு 2800 சுற்றுக்கு மேல் சுற்றும் டைரக்ட் மோட்டார் சீக்கிரம் தேயும். ஆனால் வேன் குலுங்கும், சாயும், சரிவில் நிற்கும். ஆயில் வகை சமமாக நின்றால்தான் உள்ளே எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும், சாய்ந்தால் மூடி வழியாகக் கொட்டும். அதனால் வேனுக்கு நான் சத்தம் குறைந்த ஆயில் ஃப்ரீயைத்தான் சொல்வேன், ஆயுள் குறைவு என்பதைத் தெரிந்தே. ஆயில் வகைதான் வாங்குவேன் என்றால் கம்ப்ரசர் ஆயிலையே ஊற்றுங்கள், பைக் இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். மே மாதத்தில் வேனுக்குள் அடுப்பாக இருக்கும், மோட்டார் சூட்டில் தானே கட் ஆகும். பின்கதவை ஒட்டி, ஃபேன் பக்கம் ஓர் அடி இடம் விட்டு, அடியில் ரப்பர் பாய் போட்டு, பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். கம்ப்ரசர் ஓடும்போது கதவு திறந்தே இருக்கட்டும்.

வேன் பக்கத்தில் போக முடியாத இடத்தில் மின்வயரை நீட்டாதீர்கள், ஹோஸை நீட்டுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் எரியும், ஹோஸ் 15 மீட்டர் நீண்டாலும் டயருக்குக் காற்றடிப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது.

டேங்க் அடியில் இருக்கும் வடிகாலை தினமும் திறந்துவிடுங்கள். சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது, அது டேங்குக்குள் தேங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அதனால்தான் பழைய டேங்க் வாங்காதீர்கள் என்கிறேன், ஓட்டையை அடைக்க வெல்டிங் வைத்த டேங்கைத் தொடவே தொடாதீர்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், வண்டி கிளம்பும் முன் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

கம்பெனி பெயரைவிட ஸ்பேர்தான் எனக்கு முக்கியம். கோயம்புத்தூரில் 1960லிருந்து இருக்கும் எல்ஜி மாதிரி நம் பக்கத்துத் தயாரிப்பு என்றால் பொருள் கிடைப்பதில் சிரமம் குறைவு. வேறு எதுவாக இருந்தாலும் பில் போடும் முன் அந்தக் கடையிலேயே ஒரு வால்வு பிளேட், ஒரு கேஸ்கெட், ஒரு பிரஷர் சுவிட்ச் கேளுங்கள். உள்ளே போய் எடுத்துவந்து மேசையில் வைத்தால் இயந்திரத்தை வாங்குங்கள், ஆர்டர் போட்டு வரவழைக்கலாம் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.