வாழைச் சருகிலும் பழைய அட்டையிலும் சிப்பிக் காளான்

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் ஊடே நிற்கும் மலைவாழையின் காய்ந்த சருகு பெரும்பாலும் மரத்தடியிலேயே மட்கிப்போகிறது. வத்தலக்குண்டிலிருந்து வண்டி வாடகை கொடுத்து வைக்கோல் ஏற்றி வருவதைவிட, இந்தச் சருகையும் மளிகைக் கடையில் கழித்துப்போடும் அட்டைப்பெட்டிகளையும் கொண்டு சிப்பிக் காளான் வளர்ப்பது சிக்கனமானது.

காகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதில் தழைச்சத்து மிகக் குறைவு. நனைந்தால் கூழாகிக் காற்றை அடைத்துவிடும். மூன்று கிலோ சருகுக்கு ஒரு கிலோ அட்டை அல்லது செய்தித்தாள் என்ற அளவு போதுமானது. பளபளப்பான வண்ணத்தாள், மெழுகு பூசிய அட்டை, ஒட்டுநாடா ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். பூஞ்சைக்கொல்லி தெளித்த பயிரின் கழிவும் ஆகாது. காளானும் ஒரு பூஞ்சைதான் என்பதால், மேல்மலையில் மருந்தடித்த உருளைக்கிழங்கு, கேரட் தழைகளைச் சேர்த்தால் வித்து எனப்படும் காளான் விதை பரவாமல் போகலாம்.

சருகை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, கிழித்த அட்டையுடன் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் வெந்நீரில் வேகவைக்க வேண்டும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் இந்த வேலைக்கு 80 டிகிரியே போதும் என்பதால் கவலையில்லை.

பெரும்பாலான படுக்கைகள் (காளான் வளரும் பைகள்) கெடுவது அடுத்த கட்டத்தில்தான். வெந்ததைச் சுத்தமான தார்ப்பாயில் பரப்பி ஆறவிட்டு, ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்து பார்க்க வேண்டும்: உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஆனால் விரலிடுக்கில் நீர் ஒழுகக் கூடாது. அட்டைத் துண்டு மேலே உலர்ந்து தெரிந்தாலும் அதன் நெளிவுகளுக்குள் நீர் தங்கியிருக்கும் என்பதால், அதைத் தனியே பிழிந்து சேர்ப்பது நல்லது. என் முதல் இரண்டு படுக்கைகள் அடியில் நீர் தேங்கிப் புளித்த வாடை அடித்ததற்கு இந்த அவசரமே காரணம்.

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பாலித்தீன் பையில் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஓர் அடுக்கு, அதன் ஓரத்தைச் சுற்றி வித்து என்று மாற்றி மாற்றி நிரப்பிக் கட்டி, பக்கவாட்டில் சில துளைகள் இட வேண்டும். 300 கிராம் வித்துப் பை இரண்டு படுக்கைக்கு வரும். வித்து சோள மணியில் வளர்க்கப்படுவதால் எலி தேடி வரும். உறியில் தொங்கவிடுவதே பாதுகாப்பு.

25 டிகிரி வெப்பத்தில் மூன்று வாரத்துக்குள் பை முழுவதும் வெண்மை படரும். மார்கழிக் குளிரில் கூடுதல் நாள் பிடிக்கும். பச்சைப் பூசணம் கண்ட பையைத் திறக்காமல் அப்புறப்படுத்த வேண்டும். வெளுத்த பையைக் கீறி, காற்றோட்டமுள்ள ஈரமான அறையில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் புகைபோல் நீர் தெளித்தால் ஒரு வாரத்தில் குண்டூசித் தலை அளவில் மொட்டுகள் தோன்றும். காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை என்று பொருள்.

குடையின் ஓரம் மேல்நோக்கி மடங்கும் முன்பே காளானைத் திருகிப் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் குடையிலிருந்து உதிரும் வித்துத்தூள் அறையெங்கும் பறந்து இருமல் வரும் என்பதால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே செல்வது நல்லது. வாரம் பத்து நாள் இடைவெளியில் மூன்று பறிப்பு வரை எடுக்கலாம். காய்ந்த பொருள் ஒரு கிலோவுக்கு அரைக் கிலோ காளான் கிடைத்தாலே நல்ல பலன். ஓய்ந்த படுக்கையைப் பாலித்தீன் நீக்கி மட்கவைத்துக் காப்பிச் செடிக்கே போட்டுவிடலாம்.